கார்கில் ஆய்வுக் குழுவின் பரிந்துரைகள்: எவை நடந்தன, எவை கிடப்பில் போயின?

#1 வைகைக்கரை எழுதியது:

ஒவ்வொரு ஜூலை மாதமும் கார்கில் பேச்சு வருகிறது; தோலோலிங், டைகர் ஹில் என்ற மலைமுகடுகளில் நடந்த சண்டையோடு நின்றுவிடுகிறது. 1999-இல் பாகிஸ்தான் ஊடுருவலை முறியடித்த அந்தப் போர் முடிந்த மூன்றாம் நாளே அரசு ஓர் ஆய்வுக் குழுவை அமைத்தது. அது சொன்னதில் எது நடந்தது, எது நடக்கவில்லை என்பதை ஓரிடத்தில் தொகுக்க இந்த இழை.

1999 ஜூலை 29 அன்று குழு அமைந்தது. தலைவர் கே. சுப்பிரமணியம். திருச்சியில் பிறந்தவர், 1951-ஆம் ஆண்டு ஐஏஎஸ் அணி, தமிழகப் பிரிவு அதிகாரி. உறுப்பினர்கள் ஓய்வுபெற்ற லெப்டினன்ட் ஜெனரல் கே.கே. ஹசாரி, பத்திரிகையாளர் பி.ஜி. வர்கீஸ், உறுப்பினர்-செயலர் சதீஷ் சந்திரா. பணி இரண்டே இரண்டு: ஊடுருவலுக்கு முந்தைய நிகழ்வுகளை ஆராய்வது, இனி இப்படி நேராமலிருக்க வழி சொல்வது. விசாரணைக் கமிஷன் சட்டப்படி அமைந்த குழு அல்ல. சம்மன் அனுப்பி யாரையும் வரவழைக்கும் அதிகாரம் அதற்குக் கிடையாது.

2000 பிப்ரவரி 23 அன்று அறிக்கை நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது, சில பகுதிகள் நீக்கப்பட்ட நிலையில். அதே ஆண்டு ஏப்ரல் 17 அன்று உள்துறை அமைச்சர் அத்வானி தலைமையில் அமைச்சர்கள் குழு. அதன்கீழ் நான்கு பணிக்குழுக்கள்: உளவுத்துறைக்கு ஜி.சி. சக்சேனா, உள்நாட்டுப் பாதுகாப்புக்கு என்.என். வோரா, எல்லை நிர்வாகத்துக்கு மாதவ் காட்போலே, பாதுகாப்பு நிர்வாகத்துக்கு அருண் சிங். 2001 பிப்ரவரி 26 அன்று அமைச்சர்கள் குழு தன் அறிக்கையைக் கொடுத்தது. மே 11 அன்று பாதுகாப்புக்கான அமைச்சரவைக் குழு அதை ஏற்றது. ஒன்றை மட்டும் ஒத்திவைத்தது: முப்படைத் தலைமைத் தளபதி பதவி.

என் கருத்தை முதலிலேயே வைத்துவிடுகிறேன். புதிதாக ஓர் அலுவலகம் திறந்தால் முடிந்துவிடும் பரிந்துரைகள் மூன்றாண்டுக்குள் நிறைவேறின. ஒருவர் கையிலிருக்கும் அதிகாரத்தை எடுத்து இன்னொருவர் கையில் தர வேண்டிய பரிந்துரைகள் இருபது ஆண்டு இழுத்தன. சில இன்றும் முடியவில்லை. ஆதாரத்தோடு மறுப்பவர்கள் மறுக்கலாம்.

#2 பனிமுகடு எழுதியது:

நல்ல தொடக்கம். சீர்திருத்தத்துக்குப் போகுமுன் என்ன பிழைத்தது என்று தெரிய வேண்டும். "உளவுத்துறை தூங்கிவிட்டது" என்பது போதாத விளக்கம். அறிக்கை அதைவிட நுட்பமானது.

கார்கில் பகுதியில் கட்டுப்பாட்டுக் கோட்டின் நீளம் 168 கி.மீ. காவல் 121-ஆவது காலாட்படை பிரிகேடு. குளிர்காலத்தில் பல நிலைகளைக் காலி செய்வது வழக்கம். பனிச்சரிவில் ஆட்களை இழக்காமலிருக்க ரோந்தும் குறையும். அந்த மாதங்களில் கண்காணிப்பு ஹெலிகாப்டர் ரோந்தை நம்பியே இருந்தது. வெள்ளை உடையில் பாறையோடு பாறையாகப் பதுங்குபவனை, ஓசையை வைத்து ஹெலிகாப்டர் வருவதை முன்பே அறிந்துகொள்பவனை, அதிர்ந்துகொண்டே பறக்கும் இயந்திரத்திலிருந்து வெறும் கண்ணால் பார்க்க முடியாது. இந்தியாவிடம் அப்போதிருந்த ஐஆர்எஸ்-1சி, 1டி செயற்கைக்கோள்களின் பிரிதிறன், அதாவது படத்தில் தனித்துத் தெரியும் மிகச் சிறிய அளவு, 5.8 மீட்டர். கல்லடுக்கிக் கட்டிய பதுங்கரண் அதில் ஒரு புள்ளியாகக்கூடத் தேறாது.

அடுத்து, தகவல் போன வழி. 1998 ஜூன் 2 அன்று ஐபி (உள்நாட்டு உளவு அமைப்பு) இயக்குநர் தாமே கையெழுத்திட்டு ஓர் அறிக்கை அனுப்பினார். கார்கிலுக்கு எதிர்ப்புறம் நடக்கும் வேலைகள் பற்றியது. பிரதமர், உள்துறை அமைச்சர், கேபினட் செயலர், உள்துறைச் செயலர், ராணுவ நடவடிக்கைப் பிரிவின் தலைமை இயக்குநர் என ஐவருக்குப் போனது. ஆனால் அதை மற்றத் தகவல்களோடு ஒப்பிட்டு அலச வேண்டிய மூவருக்கு, அதாவது ரா என்ற வெளிநாட்டு உளவு அமைப்பின் செயலர், கூட்டுப் புலனாய்வுக் குழுவின் தலைவர், ராணுவப் புலனாய்வின் தலைமை இயக்குநர் ஆகியோருக்கு, அது முகவரியிடப்படவில்லை. ஆய்வுக் குழு இதைத் தனியே சுட்டிக்காட்டியது.

ராவின் அரையாண்டு மதிப்பீட்டிலும் இதே கதை. 1998 செப்டம்பர் வரையிலான மதிப்பீட்டில் பாகிஸ்தான் ஒரு வரம்புக்குட்பட்ட திடீர்த் தாக்குதலில் இறங்கலாம் என்ற வரி இருந்தது. 1999 மார்ச் வரையிலான அடுத்த மதிப்பீட்டில் அந்த வரி இல்லை. ஏன் வந்தது, ஏன் போனது என்று கேட்க ஆளில்லை. எதிர்ப்புறத்தில் எந்தப் பட்டாலியன் வந்தது, எது போனது என்ற துல்லியமான கணக்கு 1998 முழுவதும் இல்லை. குழு மிகப் பெரிய உளவுத் தோல்வியாகக் குறித்தது இதைத்தான்.

#3 செம்பருத்தி77 எழுதியது:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். கூட்டுப் புலனாய்வுக் குழு என்று ஒன்று இருந்ததல்லவா? அதன் வேலையே ஒப்பிடுவதுதானே?

#4 பனிமுகடு எழுதியது:

இருந்தது, பெயரளவில். முகமைகள் தங்கள் முக்கியத் தகவலை நேராகப் பிரதமர் அலுவலகத்துக்குக் கொண்டுபோகத்தான் விரும்பின. குழுவுக்கு மிச்சம் மீதிதான் வரும். அது எழுதிய மதிப்பீட்டை மேலிடமும் படித்துக் கேள்வி கேட்கவில்லை. "எனக்கு இன்ன தகவல் வேண்டும்" என்று முகமைகளுக்கு வேலை கொடுத்து, வந்ததா என்று பார்த்து, தரத்தை எடைபோடும் ஏற்பாடு இல்லை என்பதுதான் அறிக்கையின் மையமான கண்டுபிடிப்பு. சேகரிப்பவர் பலர், கேட்பவர் எவருமில்லை.

#5 நெடுஞ்சாலை எழுதியது:

வைகைக்கரை நண்பரின் கருத்தை உளவுத்துறையில் பொருத்திப் பார்க்கிறேன்.

பாதுகாப்புப் புலனாய்வு முகமை 2002 மார்ச்சில் தொடங்கியது. முதல் தலைமை இயக்குநர் லெப்டினன்ட் ஜெனரல் கமல் தாவர். சமிக்ஞை உளவும் (எதிரியின் தகவல் தொடர்பை ஒட்டுக்கேட்பது), செயற்கைக்கோள் படங்களை அலசும் மையமும் அதன்கீழ் வந்தன. நல்ல மாற்றம். ஆனால் முப்படைகளும் தத்தம் புலனாய்வு இயக்குநரகத்தை அப்படியே வைத்துக்கொண்டன. களத்தில் ஆள் வைத்திருப்பவை அவை. மேலே ஒரு மாடி கூடியது, கீழ்வீடு அப்படியே இருக்கிறது.

என்டிஆர்ஓ என்ற தொழில்நுட்ப உளவு அமைப்பு 2004-இல் வந்தது. தொழில்நுட்ப வழியில் திரட்டும் எல்லாம் ஒரே கூரையின்கீழ் வர வேண்டும் என்பது யோசனை. நடந்தது வேறு. வான்வழி உளவுக்கான ஏவியேஷன் ரிசர்ச் சென்டர் ராவிடமே தொடர்ந்தது. ஐபி தன் ஒட்டுக்கேட்பு வசதியை விடவில்லை. யார் எதைக் கேட்பது, யார் செலவில் கேட்பது என்ற எல்லைத் தகராறு முதல் நாளிலிருந்தே உண்டு.

உளவு அமைப்புகள் தகவலைப் பகிர்ந்துகொள்ளும் பல முகமை மையம் 2001-இலேயே ஐபிக்குள் உருவானது. அதற்கு உயிர் வந்தது மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு. 2008 டிசம்பர் 31 அன்று வந்த ஆணைதான் தகவலைப் பகிர்வதை உறுப்பு அமைப்புகளின் கடமையாக்கியது. ஏழு ஆண்டு இடைவெளி. அந்த ஏழு ஆண்டில் மையத்துக்கு ஆளும் கணினியும் வராததைவிடப் பெரிய குறை, தகவல் தராதவரைக் கேள்வி கேட்கும் அதிகாரம் அதற்கு இல்லாததே.

செயற்கைக்கோளில் மட்டும் வேகம் இருந்தது. 2001 அக்டோபர் 22 அன்று டிஇஎஸ் என்ற படமெடுக்கும் செயற்கைக்கோள் ஏவப்பட்டது, பிரிதிறன் 1 மீட்டர். 2009 ஏப்ரலில் ரிசாட்-2. மேகத்தையும் இருட்டையும் ஊடுருவும் ரேடார் கண். யாருடைய நாற்காலியும் பறிபோகாத வேலை என்பதால் சீக்கிரம் முடிந்தது என்று சொன்னால் இஸ்ரோ பொறியாளர்களின் உழைப்பைக் குறைத்ததாகும். ஆனாலும் அதுவும் ஒரு காரணம்.

#6 கோட்டைமேடு எழுதியது:

ஒரு திருத்தம். தேசியப் பாதுகாப்பு கவுன்சிலையும் ஆலோசகர் பதவியையும் கார்கில் குழுவின் விளைவாகப் பலர் எழுதுகிறார்கள். அவை 1998 நவம்பரிலேயே வந்துவிட்டன. குழு சொன்னது வேறு: ஆலோசகருக்கு வேறு பணி இருக்கக் கூடாது. அப்போதைய ஆலோசகர் பிரஜேஷ் மிஸ்ரா பிரதமரின் முதன்மைச் செயலராகவும் இருந்தார். அந்த இரண்டு நாற்காலிகளும் பிரிந்தது 2004 மே மாதம், ஆட்சி மாறி ஜே.என். தீட்சித் ஆலோசகர் ஆனபோதுதான். அதே ஆள், அதே ஆட்சி இருந்தவரை பரிந்துரை ஏட்டிலேயே இருந்தது.

#7 வைகைக்கரை எழுதியது:

திருத்தத்துக்கு நன்றி கோட்டைமேடு. என் முதல் பதிவின் கருத்துக்கு அதுவும் வலுச் சேர்க்கிறது.

இனி முப்படைத் தலைமைத் தளபதிக்கு வருவோம். சிடிஎஸ் என்றே எழுதுகிறேன்.

ஏன் தேவைப்பட்டது என்பதற்குக் கார்கிலே சாட்சி. மே மாதம் தரைப்படை ஆயுதமேந்திய ஹெலிகாப்டர்களைக் கேட்டது. விமானப்படை, அந்த உயரத்தில் ஹெலிகாப்டர் எளிய இலக்காகும், வான்படையை இறக்குவது போரின் அளவையே மாற்றும், அதற்கு அரசியல் ஒப்புதல் வேண்டும் என்றது. இரண்டு வாதத்திலும் நியாயம் இருந்தது. இரண்டையும் எடைபோட்டு ஒரே குரலில் அமைச்சரவைக்குச் சொல்ல ஆளில்லை. மே 25 அன்று ஒப்புதல், 26 அன்று வான்தாக்குதல். 27 அன்று ஒரு மிக்-21, ஒரு மிக்-27 இழப்பு. 28 அன்று ஒரு மி-17 ஹெலிகாப்டர் சுட்டு வீழ்த்தப்பட்டது. அதன்பின் ஹெலிகாப்டர்களைத் தாக்குதலிலிருந்து விலக்கினார்கள். மிராஜ்-2000 விமானங்கள் உயரத்திலிருந்து குண்டு வீசின. கூடி முதலிலேயே திட்டமிட்டிருந்தால் அந்த மூன்று நாள் பாடம் ரத்தத்தில் எழுதப்பட்டிருக்காது.

பழைய ஏற்பாட்டில் முப்படைத் தளபதிகளில் பணிமூப்பு உள்ளவர் கூட்டுக் குழுத் தலைவர். தன் படையைப் பார்த்துக்கொண்டே கூடுதலாக இதையும் பார்ப்பார். ஓய்வு நாள் வந்தால் போய்விடுவார். 2019-இல் ஏர் சீஃப் மார்ஷல் தனோவா அந்தப் பொறுப்பில் இருந்தது நான்கே மாதம். நான்கு மாதத்தில் எந்தக் கூட்டுத் திட்டத்தை நகர்த்த முடியும்?

2001 அக்டோபர் 1 அன்று ஒருங்கிணைந்த பாதுகாப்புப் பணியாளர் தலைமையகம் தொடங்கியது. அதன் தலைவராக மூன்று நட்சத்திர அதிகாரி (லெப்டினன்ட் ஜெனரல் நிலை). அவருக்கு மேலிருக்க வேண்டிய, படைத்தளபதிகளுக்கு இணையான நான்கு நட்சத்திரத் தளபதியின் நாற்காலி மட்டும் 18 ஆண்டு காலி. அரசியல் கட்சிகளிடம் கலந்தாலோசிக்க வேண்டும் என்றே காலம் போனது. 2012-இல் நரேஷ் சந்திரா குழு, கூட்டுக் குழுவுக்கு நிரந்தரத் தலைவர் என்ற சமரச யோசனையைச் சொன்னது. 2016-இல் ஷேகட்கர் குழு சிடிஎஸ் பதவியே வேண்டும் என்றது. 2019 ஆகஸ்ட் 15 செங்கோட்டை அறிவிப்பு, டிசம்பர் 24 அமைச்சரவை ஒப்புதல், 2020 ஜனவரி 1 அன்று ஜெனரல் பிபின் ராவத் பொறுப்பேற்பு.

#8 செம்பருத்தி77 எழுதியது:

சிடிஎஸ் மூன்று படைகளுக்கும் ஆணையிட முடியுமா? செய்தித்தாள்களில் அப்படித்தான் தோன்றுகிறது.

#9 வெண்சங்கு எழுதியது:

முடியாது. இதைத் தெளிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சிடிஎஸ் மூன்று தொப்பி அணிகிறார். அமைச்சருக்கு முப்படை விவகாரங்களில் தலைமை ராணுவ ஆலோசகர். தளபதிகள் குழுவின் நிரந்தரத் தலைவர். ராணுவ விவகாரத் துறையின் செயலர். படைகளுக்குப் போர் ஆணை இடும் அதிகாரம் அவருக்கு இல்லை. மூன்று தளபதிகளும் தத்தம் படை பற்றி அமைச்சருக்கு நேராகவே ஆலோசனை சொல்வார்கள்.

உண்மையான பங்கீட்டை, எந்தத் துறை எதைப் பார்க்கும் என்று சொல்லும் அலுவல் ஒதுக்கீட்டு விதிகளில் பார்க்க வேண்டும். ராணுவ விவகாரத் துறைக்கு முப்படைகளும் அவற்றின் தலைமையகங்களும் பிராந்திய ராணுவமும் போயின. படைகளுக்கே உரிய கொள்முதலும் போனது. மூலதனக் கொள்முதல் நீங்கலாக. அதாவது பீரங்கியும் போர்க்கப்பலும் விமானமும் வாங்குவது பாதுகாப்புத் துறையிடமே இருக்கிறது. "இந்தியாவின் பாதுகாப்பு", பாதுகாப்புக் கொள்கை, போர் ஆயத்தம் என்ற சொற்களும் பாதுகாப்புச் செயலரின் பட்டியலில்தான் இருக்கின்றன. படை சிடிஎஸ்ஸின் துறையில், பெரிய கொள்முதலின் கோப்பு வேறு துறையில். எதை முதலில் வாங்குவது என்று மூன்று படைகளுக்கிடையே வரிசைப்படுத்தும் பணி சிடிஎஸ்ஸுக்கு உண்டு. கையெழுத்துப் போடும் மேசை அவருடையது அல்ல.

"ராணுவத் தலைமையகங்கள் அரசின் உச்ச அமைப்புக்கு வெளியே இருக்கும் ஒரே பெரிய ஜனநாயகம் ஒருவேளை இந்தியாதான்" என்ற பொருளில் கார்கில் குழு எழுதியது. சுதந்திரத்தின்போது பிரிட்டிஷ் ஜெனரல் இஸ்மே பிரபு வகுத்த அமைப்பு 52 ஆண்டுகளாக அதிகம் மாறவில்லை என்றது. 2001-க்குப் பின் செய்தது பெயர்ப்பலகை மாற்றம்: ராணுவத் தலைமையகம் "பாதுகாப்பு அமைச்சகத்தின் ஒருங்கிணைந்த தலைமையகம் (ராணுவம்)" ஆனது. கோப்பு போகும் வழி மாறவில்லை. 2020-இல்தான் முதல்முறையாகச் சீருடை அணிந்த ஒருவர் செயலர் என்ற நிலையில் கோப்பில் எழுதினார். அதை நான் பெரிய மாற்றமாகவே பார்க்கிறேன்.

#10 குன்னூர்ச்சாலை எழுதியது:

ஒரு பதவியை ஒரே மனிதரைச் சுற்றிக் கட்டினால் என்ன ஆகும் என்பதும் நம் ஊரில்தான் தெரிந்தது. 2021 டிசம்பர் 8 அன்று சூலூரிலிருந்து வெலிங்டன் பாதுகாப்புப் பணியாளர் கல்லூரிக்குப் போன ஹெலிகாப்டர் குன்னூர் அருகே விழுந்து ஜெனரல் ராவத் மறைந்தார். அடுத்தவர் ஜெனரல் அனில் சவுகான் பொறுப்பேற்றது 2022 செப்டம்பர் 30. ஒன்பது மாதத்துக்கு மேல் காலி. இடையில் 2022 ஜூனில் விதியைத் திருத்தி, 62 வயதுக்குட்பட்ட, ஓய்வுபெற்ற மூன்று நட்சத்திர அதிகாரியையும் நியமிக்கலாம் என்றார்கள். படைத்தளபதி ஒருவர் போனால் அடுத்தவர் அன்றே வருகிறார். இந்த நாற்காலிக்கும் அப்படி ஒரு வாரிசு முறை வேண்டும்.

#11 வெண்சங்கு எழுதியது:

ஆம். அதோடு கூட்டுக் கட்டளைகளின் அன்றாடச் சிக்கலையும் சொல்கிறேன். 2001 அக்டோபரில் போர்ட் பிளேயரில் அந்தமான் நிக்கோபார் கட்டளை தொடங்கியது. முதல் முப்படைக் கட்டளை, முதல் தளபதி வைஸ் அட்மிரல் அருண் பிரகாஷ். 2003 ஜனவரியில் அணு ஆயுதங்களுக்கான வியூகப் படைக் கட்டளை.

காகிதத்தில் தரை, கடல், வான் மூன்றும் ஒரே தளபதியின்கீழ். ஆனால் ராணுவச் சட்டம் 1950, விமானப்படைச் சட்டம் 1950, கடற்படைச் சட்டம் 1957 மூன்றும் தனித்தனி. கடற்படைத் தளபதி ஒருவர் தன்கீழ்ப் பணியாற்றும் விமானப்படை வீரர்மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்க முடியாமல் இருந்தது. அவரைத் தாய்ப்பிரிவுக்குத் திருப்பியனுப்ப வேண்டியிருந்தது. சாட்சிகளும் ஆவணங்களும் அங்கே போக வேண்டியிருந்தது. நாளும் பணமும் விரயம். தண்டிக்க முடியாதவர் எப்படிக் கட்டளையிடுவார்?

படைகளிடையேயான அமைப்புகளுக்கான (கட்டளை, கட்டுப்பாடு, ஒழுங்கு) சட்டம் 2023-இல் நிறைவேறி 2024 மே 10 முதல் நடைமுறைக்கு வந்தது. கட்டளை தொடங்கி 22 ஆண்டுக்குப் பின். இந்தச் சட்டம் இல்லாமல் தியேட்டர் கட்டளை பற்றிப் பேசுவதே வீண்.

தியேட்டர் என்றால்: இன்று தரைப்படைக்கு 7, விமானப்படைக்கு 7, கடற்படைக்கு 3 என 17 தனிப்படைக் கட்டளைகள். அவற்றை நிலப்பரப்பு வாரியாகச் சில கூட்டுக் கட்டளைகளாக இணைப்பது. விமானப்படையின் தயக்கத்தைச் சோம்பல் என்று தள்ளக் கூடாது. ஒப்புதல் பெற்றது 42 ஸ்குவாட்ரன், கையில் இருப்பது அதைவிட வெகு குறைவு. காலையில் மேற்கிலும் மாலையில் வடக்கிலும் பறக்க வேண்டிய விமானத்தை ஒரு தியேட்டரில் கட்டிப்போட்டால் இரண்டு பக்கமும் பற்றாக்குறை. எண்ணிக்கை கூடாமல் பங்கு பிரிப்பது கடினம் என்று அவர்கள் சொல்வது கணக்கு.

#12 நெய்தல் எழுதியது:

எல்லையும் கடலும் இன்னும் வரவில்லை. காட்போலே பணிக்குழு வழியாக வந்த "ஓர் எல்லை, ஒரு படை" நன்றாகவே நடந்தது. நேபாள எல்லை 1,751 கி.மீ. 2001-இலும், பூடான் எல்லை 699 கி.மீ. 2004-இலும் எஸ்எஸ்பி என்ற எல்லைக் காவல் படைக்குப் போயின. சீன எல்லையில் அசாம் ரைபிள்ஸ் பார்த்த பகுதியும் 2004-இல் ஐடிபிபியிடம் (இந்தோ-திபெத் எல்லைக் காவல் படை) வந்தது. மியான்மர் எல்லை 1,643 கி.மீ. அசாம் ரைபிள்ஸுக்கு. முன்பு ஒரே எல்லையில் இரண்டு மூன்று படைகள் நின்று, ஊடுருவல் நடந்தால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவார்கள், அது நின்றது.

நிற்காதது, இரட்டைக் கட்டுப்பாடு. சீன எல்லையில் ஐடிபிபி உள்துறையிடம், ராணுவம் பாதுகாப்பு அமைச்சகத்திடம். ஐடிபிபி தன் நடவடிக்கைக் கட்டுப்பாட்டில் வர வேண்டும் என்று ராணுவம் பல ஆண்டாகக் கேட்கிறது, உள்துறை இசையவில்லை. ஒரே மலைமுகட்டில் நிற்கும் இரண்டு சீருடைகளின் செய்தி இரண்டு வழியாக டெல்லி போய்ச் சேர்கிறது.

கடலோரம் இன்னும் வருத்தமானது. அமைச்சர்கள் குழுவின் 2001 அறிக்கையிலேயே கடலோரப் பாதுகாப்பு பலவீனம் என்று எழுதப்பட்டது. கடலோரப் பாதுகாப்புத் திட்டத்தின் முதல் கட்டம் 2005-06-இல் தொடங்கியது: 73 கடலோரக் காவல் நிலையங்கள், 204 படகுகள். 2008 நவம்பரில் பத்துப் பேர் மீன்பிடிப் படகில் வந்து மும்பையில் இறங்கியபோது அந்தக் காவல் எங்கே இருந்தது?

திட்டத்தின் உள்ளே இருந்த ஓட்டைகள் இவை. படகும் கட்டடத்துக்கான பணமும் மத்திய அரசு தரும். ஆளும் சம்பளமும் மாநிலம் தர வேண்டும். 12 டன் இடைமறிப்புப் படகை ஓட்ட மாஸ்டர் வேண்டும், எஞ்சின் டிரைவர் வேண்டும். சட்டம் ஒழுங்குக் காவலரை இறக்கினால் கடல் மயக்கத்தில் படுத்துவிடுவார். கடற்படை, கடலோரக் காவல்படை ஓய்வாளர்களை ஒப்பந்தத்தில் எடுத்தால் ஒப்பந்தம் முடிந்ததும் படகு கட்டிக் கிடக்கும். எரிபொருள் ஒதுக்கீடு குறைந்தால் ரோந்து மணிநேரம் முதலில் வெட்டப்படும். உப்புக்காற்றில் நிறுத்தி வைத்த படகு ஓடிய படகைவிடச் சீக்கிரம் கெடும். பராமரிப்பு ஒப்பந்தம் காலாவதியானால் அடுத்த மழைக்காலத்துக்குள் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். படகுத்துறை இல்லாத இடத்தில் காவல் நிலையம் கட்டினால் படகு பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தள்ளி ஏதாவதொரு துறைமுகத்தில் நிற்கும். அழைப்பு வந்தபின் ஜீப்பில் போய் ஏற வேண்டும்.

2009-இல் பொறுப்பு தெளிவானது: ஒட்டுமொத்தக் கடல் பாதுகாப்பு கடற்படைக்கு, கரையோரக் கடலின் ஒருங்கிணைப்பு கடலோரக் காவல்படைக்கு, கரைக்கு அருகில் மாநிலக் காவல். முதல் கட்டமாக 46 ரேடார் நிலையங்கள். அவை தரும் படம் 2014-இல் குருகிராமில் திறந்த தகவல் மையத்துக்குப் போகிறது. இன்றும் தீராதது சிறு படகு. 20 மீட்டருக்கு மேற்பட்ட படகில் தானியங்கி அடையாளக் கருவி கட்டாயம். அதற்குக் கீழே உள்ள ஃபைபர் படகும் வள்ளமும் ரேடார் திரையில் வெறும் பொட்டு. ராமேசுவரம் முதல் கன்னியாகுமரி வரை ஒரு வாரத்தின் எந்த விடிகாலையிலும் அந்தப் பொட்டுகளில் எது மீனவர், எது வேறு என்று கருவி சொல்லாது. கரையில் உள்ளவர்கள்தான் சொல்வார்கள். மீனவர்களைச் சந்தேகிக்காமல் அவர்களோடு பேசும் காவல் நிலையமே பயன்படுகிறது. கிராமத்துக் கூட்டத்துக்கு வரும் அதிகாரி ஆறு மாதத்தில் மாற்றலானால் அந்த நம்பிக்கையும் போய்விடும்.

#13 கோட்டைமேடு எழுதியது:

நெய்தல், இந்தப் பதிவைத் தனி இழையாகவும் போடுங்கள்.

கொள்முதலைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2001-இல் பாதுகாப்புக் கொள்முதல் கவுன்சிலும், அமைச்சகத்தில் தனிக் கொள்முதல் பிரிவும் வந்தன. கொள்முதல் நடைமுறை 2002-இல் எழுதப்பட்டது. அதன்பின் 2005, 2006, 2008, 2011, 2013, 2016, 2020 என்று திருத்தம்மேல் திருத்தம். கோப்பின் பயணம்: படை தன் தேவைத் தகுதிகளை எழுதும், தகவல் கேட்பு, தேவை ஏற்பு, விலைக்கோரிக்கை, தொழில்நுட்ப மதிப்பீடு, களச் சோதனை, பேரம், நிதி ஒப்புதல், ஒப்பந்தம்.

முதல் படியிலேயே பெரும்பாலும் கெடுகிறது. உலகின் ஐந்து நிறுவனங்களின் விளம்பரக் கையேட்டிலிருந்து சிறந்த அம்சத்தை எல்லாம் எடுத்து ஒரே பீரங்கியில் கேட்டால், எதுவும் தேறாது. ஒன்றே ஒன்று தேறினால் ஒற்றை விற்பனையாளர் என்று கோப்பு திரும்பும். களச் சோதனை கோடையில் பாலைவனத்தில், குளிர்காலத்தில் மலையில் என்பதால் ஒரு பருவம் தவறினால் ஓராண்டு போகும். இடையில் லஞ்சப் புகார் வந்து நிறுவனம் கறுப்புப் பட்டியலில் சேர்ந்தால் எல்லாம் முதலிலிருந்து.

கார்கிலைக் காப்பாற்றியது 155 மி.மீ. போஃபர்ஸ். அடுத்த 155 மி.மீ. பீரங்கியான எம்-777 வாங்க ஒப்பந்தம் 2016 நவம்பரில்தான் ஆனது, 145 பீரங்கிகள். கார்கிலுக்குப் பின் 17 ஆண்டு. எதிரியின் பீரங்கி எங்கிருந்து சுடுகிறது என்று காட்டும் ரேடார் கார்கிலில் நம்மிடம் இல்லை. அதை 2002-இல் அமெரிக்காவிடம் வாங்கினோம், அரசுக்கு அரசு என்ற வழியில். வழக்கமான வழியைச் சுற்றிப் போனவைதான் சீக்கிரம் வந்தன.

#14 பனிமுகடு எழுதியது:

குழு சொன்னதற்கு நேர்மாறாக நடந்தது ஒன்றும் உண்டு. கார்கில் உச்சிகளைச் சியாச்சின்போல் ஆண்டு முழுதும் ஆள் வைத்துக் காக்க வேண்டாம் என்று குழு எழுதியது. கட்டுப்பாட்டுக் கோட்டைத் தாண்டினால் உடனடிப் பதிலடி உண்டு என்று அறிவித்து, கண்காணிப்புக் கருவியை நம்பு என்றது. ஆனால் 1999 செப்டம்பர் 1 அன்றே லேவில் 14-ஆவது கோர் (டிவிஷனைவிடப் பெரிய படையமைப்பு) உருவானது. காஷ்மீர்ப் பள்ளத்தாக்கிலிருந்த 8-ஆவது மலைப்படை டிவிஷன் கார்கிலில் நிலைகொண்டது. ஒரு பிரிகேடு நின்ற இடத்தில் பல பிரிகேடுகள் கொண்ட ஒரு டிவிஷன். உயரத்தில் நிற்கும் ஒவ்வொரு ஆளுக்கும் மண்ணெண்ணெய், உறை உடுப்பு, உணவு எல்லாம் சோஜிலா கணவாய் பனியில் மூடுமுன் கோடையிலேயே மேலே ஏற வேண்டும்.

தளபதிகளைக் குறை சொல்ல மாட்டேன். 527 பேரை இழந்தபின் அந்த உச்சியை மறுபடி காலி செய்ய எந்தத் தளபதி கையெழுத்திடுவார்? திருச்சி மேஜர் சரவணன் 1999 மே 29 அன்று பட்டாலிக்கில் வீழ்ந்தார். அப்படி ஒவ்வொரு முகட்டுக்கும் ஒரு பெயர் இருக்கிறது. ஆனாலும் கருவி வருமுன் ஆளை நிறுத்தினோம், கருவி வந்தபின்னும் ஆளை இறக்கவில்லை.

#15 நெடுஞ்சாலை எழுதியது:

ஆள் கொள்கையும் அறிக்கையில் உண்டு. 17 ஆண்டுப் பணியை 7 முதல் 10 ஆண்டாகக் குறைத்து, வெளியேறுபவர்களை மத்தியக் காவல் படைகளுக்கு மாற்றச் சொன்னது. ராணுவம் இளமையாக இருக்கும், ஓய்வூதியச் சுமை குறையும், காவல் படைகளுக்குப் பயிற்சி பெற்ற ஆள் கிடைக்கும் என்ற கணக்கு. அந்தப் படைகளுக்குத் தனி ஆள்சேர்ப்பும் பதவி உயர்வு வரிசையும் இருப்பதால் நகரவில்லை. 2022 ஜூன் 14 அன்று வந்த அக்னிபத் ஆள்சேர்ப்புத் திட்டத்தை இதன் நிறைவேற்றம் என்று சிலர் சொல்வதை ஏற்க மாட்டேன். அது 4 ஆண்டு. 25 விழுக்காட்டினரே தொடர்வார்கள். காவல் படைகளில் 2022-இல் அறிவித்த 10 விழுக்காடு இடஒதுக்கீடு என்பது போட்டியிட்டுப் பெறும் வாய்ப்பு. குழு சொன்னது, வேலையோடு அப்படியே இடம் மாறுவது. இரண்டும் ஒன்றல்ல.

#16 செம்பருத்தி77 எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று. பாதுகாப்புப் பல்கலைக்கழகம் என்று ஒன்று பேசினார்களே, அது எங்கே?

#17 வைகைக்கரை எழுதியது:

கார்கில் குழுவின் பரிந்துரை அது. அதற்கான தனிக் குழுவுக்கும் சுப்பிரமணியம்தான் தலைவர். 2010-இல் கொள்கை ஒப்புதல். 2013 மே 23 அன்று ஹரியானாவின் பினோலாவில், 200 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தில், மன்மோகன் சிங் அடிக்கல் நாட்டினார். சுப்பிரமணியம் 2011 பிப்ரவரியில் காலமாகிவிட்டார். பல்கலைக்கழகம் இன்னும் தொடங்கவில்லை. நிலம் இருக்கிறது, சுற்றுச்சுவர் இருக்கிறது, சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறவில்லை.